கெவ்லர் ஜீன்ஸும் கிழிந்த தொடையும்

"கெவ்லர் போட்டிருந்தேனே, அப்புறம் எப்படிடா கிழிஞ்சுது?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் ரூம்மேட் கேட்ட கேள்வி இது. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது ஓரளவு தெரியும். அதைத்தான் கொஞ்சம் சூடாகவே எழுதப் போகிறேன். பைக் ஓட்டாதவர்களும் படிக்கலாம். பின்சீட்டில் உட்காருபவர்களுக்கும் தொடை இருக்கிறது அல்லவா :-)

நடந்தது இதுதான். காலை நேரம், வளைவில் லாரி சிந்திவிட்டுப் போன மணல். நாற்பத்தைந்தில் போயிருப்பான். முன்சக்கரம் வழுக்கி, இடது பக்கமாக விழுந்து, தேய்த்துக்கொண்டே போனான். ஹெல்மெட் இருந்ததால் தலைக்கு ஒன்றுமில்லை. எலும்பும் முறியவில்லை. ஆனால் இடுப்பிலிருந்து முழங்கால் வரை பேன்ட்டும் இல்லை, தோலும் இல்லை. காயத்துக்குள் புதைந்திருந்த மணலை பிரஷ் வைத்துத் தேய்த்து எடுத்தார்கள். வார்டு முழுக்க அவன் சத்தம்தான். பிறகு வலது தொடையிலிருந்து தோல் எடுத்து இடது தொடையில் ஒட்டினார்கள். அந்த செமஸ்டர் அவனுக்கு அவ்வளவுதான்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அவன் அலட்சியமான ஆள் கிடையாது. நாங்களெல்லாம் சாதா பேன்ட்டில் திரிந்தபோது, நெட்டில் தேடித்தேடி "கெவ்லர் பைக்கர் ஜீன்ஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒன்றை இரண்டாயிரம் சொச்சம் கொடுத்து வாங்கியவன். கிழிந்ததைப் பிறகு திருப்பிப் பார்த்தோம். முழங்கால் பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் துணி. மற்றதெல்லாம் இழுத்தால் விரியும் சாதா ஸ்ட்ரெச் ஜீன்ஸ். முட்டி பேட் விழும்போதே பக்கவாட்டில் திரும்பிவிட்டது.

ஆக, விற்றவன் பொய் சொல்லவில்லை. கெவ்லர் இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

என் கோபமெல்லாம் அந்த ஒரு வார்த்தை மேல்தான். கெவ்லர் என்பது ஒரு இழையின் வணிகப் பெயர். 1965ல் டூபான்ட் கம்பெனியில் ஸ்டெபனி குவோலெக் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது. எடைக்கு எடை எஃகைவிட ஐந்து மடங்கு வலு. நல்ல சரக்கு, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பெயரை மட்டும் பார்த்து ஜீன்ஸ் வாங்குவது, "நெய்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து மைசூர்பாகு வாங்குவது மாதிரி. எவ்வளவு நெய் ஊற்றினான் என்று கேட்க வேண்டாமா?

"ஜீன்ஸே கெட்டித் துணிதானே" என்று அடுத்த கட்சி வரும். ஜீன்ஸ் கெட்டிதான், சுரங்கத்துக்கு. 1873ல் லீவை ஸ்ட்ராசும் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரும் பேடன்ட் வாங்கியது, வேலையாட்களின் பாக்கெட் கிழியாமல் இருக்க செப்பு ரிவெட் அடிக்கும் முறைக்கு. தார் ரோட்டில் தேய்வதைப் பற்றி அன்று யாரும் யோசிக்கவில்லை. உரசல் சோதனை இயந்திரத்தில் சாதா டெனிம் ஒரு நொடி கூடத் தாங்குவதில்லை.

ஒரு நொடி போதாதா? பிளஸ் டூ பிசிக்ஸை வெளியே எடுப்போம். உடம்புக்கும் ரோட்டுக்கும் இடையே உராய்வு எண் 0.7 என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 கிமீ வேகத்தில் விழுந்தால் நிற்பதற்கு சுமார் 1.6 நொடி ஆகும், அதற்குள் 9 மீட்டர் தேய்ந்திருப்பீர்கள். 60 கிமீ என்றால் 2.4 நொடி, 20 மீட்டர். துணி ஒரு நொடியில் முடிந்துவிட்டால் மிச்ச நேரத்துக்குத் தேய்வது எது? உங்களுக்கே தெரியும்.

இதனால்தான் "சிட்டிக்குள்ள தானே மச்சி, லடாக்கா போறேன்" என்கிற வசனத்தைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 40 என்பது சிட்டி வேகம்தான். காலேஜ் போகும் வேகம், டீ குடிக்கப் போகும் வேகம். ரைடிங் பேன்ட்டை வருஷத்துக்கு ஒருமுறை ஏலகிரி போகும்போது மட்டும் மாட்டிக்கொண்டு, மிச்ச 360 நாளும் ட்ராக் பேன்ட்டில் போகிற வீரர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? இங்கேதான் இரண்டாவது ஏமாற்று வேலை. "சிஇ சான்று பெற்றது" என்று அட்டையில் போட்டிருக்கும். எது சான்று பெற்றது என்று போட்டிருக்காது. பெரும்பாலும் உள்ளே இருக்கும் முட்டி பேட் மட்டும்தான் சான்று பெற்றதாக இருக்கும். பேட்டுக்கான ஐரோப்பியத் தரம் வேறு (இஎன் 1621-1), முழு உடைக்கான தரம் வேறு (இஎன் 17092, வந்தது 2020ல்). நல்ல பூட்டை வாங்கி ஓலைக் கதவில் மாட்டிவிட்டு, வீட்டுக்கே பாதுகாப்பு என்று சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா?

இந்த இஎன் 17092 உடைகளைத் தரம் பிரிக்கிறது. மேலே ட்ரிபிள் ஏ, அடுத்து டபுள் ஏ, அப்புறம் சிங்கிள் ஏ. பி என்றால் உரசலுக்கு சிங்கிள் ஏ போலத்தான், ஆனால் பேட் கிடையாது. சி என்பது பேட்டைப் பிடித்து வைக்க மட்டும் உள்ள உடை, உரசலைத் தாங்காது.

சோதனை எப்படி? உடம்பை மூன்று மண்டலமாகப் பிரிக்கிறார்கள். இடுப்பு, முழங்கால் மாதிரி முதலில் தரையில் மோதும் இடங்கள் முதல் மண்டலம். துணியைச் சுழலும் கையில் கட்டி, வேகம் ஏற்றி, கான்கிரீட் பரப்பின் மேல் இறக்குகிறார்கள். முதல் மண்டலத் துணி ஓட்டை விழாமல் தாங்க வேண்டிய வேகம் சிங்கிள் ஏவுக்கு 45 கிமீ, டபுள் ஏவுக்கு 70, ட்ரிபிள் ஏவுக்கு 120. இது மெஷின் கணக்கு, ரோட்டில் அப்படியே பலிக்கும் என்று எழுதி வாங்காதீர்கள். ஆனால் ஒன்றுக்கொன்று ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோல் கடையில் கிடைக்காது. இரண்டாவது மண்டலத்தில் சிங்கிள் ஏ தாங்க வேண்டியது வெறும் 25 கிமீதான், டபுள் ஏ 45. அதனால் தினசரி ஓட்டுகிறவனுக்கு டபுள் ஏ என்பது என் கட்சி.

இந்த எழுத்து எங்கே இருக்கும்? அட்டையில் தேடாதீர்கள். பேன்ட்டின் உள்பக்கம் தைத்த லேபிளில், பைக் ஓட்டும் ஆள் படம் போட்டு, பக்கத்தில் இந்த எழுத்து இருக்கும். அந்த லேபிள் இல்லை என்றால், அட்டையில் எத்தனை முறை கெவ்லர் என்று எழுதியிருந்தாலும் அது கெவ்லர் வாசனை காட்டிய சாதா ஜீன்ஸ்தான்.

நம்மூரில் ஹெல்மெட்டை 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. பேன்ட்டுக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ரைடிங் ஜீன்ஸ் என்று விற்கலாம். இத்தனைக்கும் 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் டூவீலரில் போனவர்கள். அதே வருடம் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் நம்ம தமிழ்நாடு, 64,105. நியாயமாகச் சொன்னால் சாவைத் தடுப்பது ஹெல்மெட்டின் வேலை, ஜீன்ஸின் வேலை இல்லை. ஆனால் செத்தவர் கணக்கில் வராமல், தோலையும் ஒரு வருடப் படிப்பையும் தொலைத்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்களே, ஜீன்ஸ் அவர்களுக்காக.

"வெளிநாட்டு கியர் வாங்கினா போதும்" என்பவர்களுக்கும் ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவில் கான்பெரா பகுதியில் விபத்தில் சிக்கிய 212 பேரை லிஸ் டி ரோம் குழுவினர் ஆராய்ந்து 2011ல் வெளியிட்டார்கள். ரைடிங் உடை போட்டவர்களுக்குக் காயம் குறைவு, பேட் வைத்த உடைக்கு இன்னும் குறைவு. ஆனால் போட்டிருந்த ரைடிங் பேன்ட்களில் 28 சதவீதம் விபத்தில் கிழிந்தோ பிய்ந்தோ தோற்றிருந்தன. அந்த ஊரிலேயே நாலில் ஒன்றுக்கு மேல்! அங்கே 2018ல் மோட்டோகேப் என்று ஒரு திட்டம் வந்தது. உடைகளை அவர்களே சோதித்து, பாதுகாப்புக்குத் தனியாக, வெயில் வசதிக்குத் தனியாக ஸ்டார் கொடுக்கிறார்கள். நமக்கு அப்படி ஒன்று எப்போது வருமோ.

வெயில் என்றதும் ஞாபகம் வருகிறது. லெதர் பக்தர்கள் இருக்கிறார்களே, "போட்டா லெதர், இல்லாட்டி சும்மா" என்பவர்கள். ஐயா சாமிகளே, 2003 மே மாதத்தில் 45 டிகிரி பார்த்த ஊர் சென்னை. அதில் லெதர் பேன்ட் போட்டுக்கொண்டு கிண்டி சிக்னலில் நின்று காட்டுங்கள், உங்கள் காலில் விழுகிறேன். உரசலுக்கு நல்ல லெதரை அடிப்பது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அலமாரியில் தொங்குகிற ட்ரிபிள் ஏ எந்தத் தொடையையும் காப்பாற்றாது. இடுப்பில் இருக்கிற டபுள் ஏ காப்பாற்றும். ஜீன்ஸின் பெரிய பலமே, அதைப் போட்டுக்கொண்டு அப்படியே வகுப்பில் உட்காரலாம் என்பதுதான்.

இதையே ஸ்கூட்டியில் போகும் தோழிகளுக்கும் சொல்கிறேன். லெக்கிங்ஸ் பெரும்பாலும் சிந்தெடிக் கலந்தது. உரசல் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். ஸ்கூட்டி என்றால் ரோடு மெத்தையாகிவிடாது. ஆனால் பெண்கள் அளவில் ரைடிங் ஜீன்ஸ் கேட்டால் பல கடைகளில் கையை விரிக்கிறார்கள். பெண்கள் விழ மாட்டார்கள் என்று யார் சொன்னது?

கடைக்குப் போனால் செய்ய வேண்டியது நாலே விஷயம்.

1. உள்ளே திருப்பிப் பாருங்கள். லேபிளில் எழுத்து இருக்கிறதா? உள்துணி இடுப்பு, புட்டம், தொடையின் வெளிப்பக்கம், முழங்கால் எல்லாவற்றையும் மூடுகிறதா, இல்லை முட்டியில் மட்டும் ஒட்டுப்போட்டிருக்கிறதா? உள்துணியே இல்லாமல் வலுவான இழையை டெனிமோடு சேர்த்து நெய்த ஒற்றைத் துணி ஜீன்ஸும் உண்டு. காற்றோட்டம் அதில் அதிகம். அதற்கும் அதே லேபிள்தான் சாட்சி.

2. உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடி முன் நின்று பார்ப்பது கல்யாணத்துக்குப் போகிறவனுக்கு. பைக்கில் உட்காரும் கோணத்தில் முட்டியை மடக்கினால் பேட் முட்டிச்சில்லின் மேல் உட்கார வேண்டும், பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறக் கூடாது. பேட்டைக் கையால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். இப்போதே திரும்பினால் விழும்போது கண்டிப்பாகத் திரும்பும். என் நண்பனுக்கு நடந்தது அதுதான்.

3. பேட்டில் என்ன நிலை என்று பாருங்கள். ஒரே மாதிரி அடி கொடுத்தால், லெவல் 1 உள்ளே கடத்தும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டன் வரை போகலாம். லெவல் 2 என்றால் 20 வரைதான். இடுப்பு பேட்டுக்குப் பை மட்டும் வைத்துவிட்டு பேட் தராமல் ஏமாற்றுவார்கள், கேட்டு வாங்குங்கள்.

4. தையலை இழுத்துப் பாருங்கள். துணி என்னதான் வலுவாக இருந்தாலும் தையல் பிரிந்தால் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்துவிடும்.

வாங்கிய பிறகு ப்ளீச் போடாதீர்கள், உள்பக்கம் வெளியே தெரிய மொட்டை வெயிலில் காயப் போடாதீர்கள். குளோரினும் வெயிலும் கெவ்லருக்கு எமன். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் :-)

விலை? நல்லது சாதா ஜீன்ஸைவிடப் பல மடங்கு, மறுக்கவில்லை. நானும் மெஸ் பில் பார்த்துப் பயப்படுகிற ஜாதிதான். ஆனால் சத்தம் அதிகம் வர சைலன்சர் மாற்ற இருக்கிற காசு, தோலுக்கு என்றதும் எங்கே போகிறது? உண்மையிலேயே முடியாதவர்கள், பேன்ட்டுக்கு மேல் கட்டும் நல்ல நீ கார்டிலிருந்து தொடங்கலாம். அது முட்டிக்கு மட்டும்தான், தொடைக்கு இல்லை என்று தெரிந்தே கட்டுங்கள். அரைப் பாதுகாப்பை அரை என்று தெரிந்து வாங்குவதில் தப்பில்லை. முழுசு என்று நம்ப வைத்து விற்பதுதான் தப்பு.

என் நண்பன் இப்போது நடக்கிறான், ஓட்டவும் செய்கிறான். போன மாதம் புது ஜீன்ஸ் எடுக்க இருவரும் போனோம். கடைக்காரர் ஒன்றை எடுத்துப் போட்டு "கெவ்லர் தம்பி, புல்லட்டே துளைக்காது" என்றார். இவன் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"புல்லட் வேணாம்ணே, மணல் துளைக்காம இருந்தா போதும். லேபிளைக் காட்டுங்க."

அந்த ஜீன்ஸில் லேபிள் இல்லை. வெளியே வந்துவிட்டோம். அடுத்த கடையில்தான் எடுத்தோம், டபுள் ஏ.