சாயமும் நியாயமும்

திருப்பூர் பனியன் கடல் கடந்து போகிறது. அதற்கு நிறம் கொடுப்பவை சாயப்பட்டறைகள். பல பட்டறைகள் சிறு முதலாளிகளுடையவை.

முன்பு, சரியாகச் சுத்தம் செய்யாத சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. கிணறுகள் கெட்டன. பயிர் கருகியது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

2011 ஜனவரியில் பட்டறைகளை மூடும்படி சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். சாய வேலை வெளியூர்களுக்குப் போயிற்று.

கழிவைச் சுத்தம் செய்யாமல் மிச்சம் பிடித்த பணம் லாபமா? அல்ல. அது விவசாயியின் தலையில் ஏற்றிய கடன். அந்தக் கடன் வட்டியோடு திரும்பி வந்தது.

பிறகு பட்டறைகள் பாடம் கற்றன. தனியாகச் செய்ய முடியாததைக் கூடிச் செய்கின்றன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவு நீர் சுத்தமாகிறது. அதே தண்ணீர் மீண்டும் சாயத் தொட்டிக்கு வருகிறது. உப்பும் திரும்பக் கிடைக்கிறது. ஆற்றைக் கெடுக்காத துணி கேட்கும் வெளிநாட்டு வியாபாரிகளிடம் நல்ல பெயரும் கிடைக்கிறது.

ஆனால் செலவு அதிகம். கழிவை ஆற்றில் விடுகிறவர் குறைந்த கூலிக்குச் சாயம் போட்டுக் கொடுப்பார். அவரோடு ஒழுங்காக நடப்பவர் எப்படிப் போட்டியிடுவார்?

சட்டம் எல்லா ஊருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். நல்ல துணி கேட்கிறவர்கள் நல்ல விலையும் தரவேண்டும். நியாயமாகத் தொழில் செய்கிறவர் நஷ்டப்படக்கூடாது. அவர் பிழைத்தால்தான் ஆறும் பிழைக்கும்.