யார் அந்த அறைக்குள் போகலாம்?

கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தர உயிரியல் படிக்கிற பிள்ளைகளும் அவர்களுடைய உம்மா வாப்பாமாரும் வாசித்தால் சந்தோஷம்.

அமெரிக்காவின் கோர்டன் ஆய்வு மாநாடுகள் அமைப்பு, முலையூட்டிகளின் இனப்பெருக்கம் பற்றி ஒரு மாநாட்டுத் தொடர் நடத்துகிறது. பெரும்பாலும் இன்னும் வெளியிடாத ஆய்வைத்தான் அங்கே பேசுவார்கள். படம் எடுக்கக் கூடாது. பிரதான மாநாட்டுக்கு முன்னால் இளம் ஆய்வாளர்களுக்கென்று தனிக் கருத்தரங்கு உண்டு. விஞ்ஞானத்தில் பெண்களுக்கு வருகிற தடைகளைப் பேச, 'பவர் அவர்' என்று ஒரு மணித்தியாலமும் இந்த அமைப்பின் மாநாடுகளில் ஒதுக்கத் தொடங்கினார்கள்.

"இதெல்லாம் எதுக்கு, விஞ்ஞானத்தப் பேசினாப் போதாதா?" என்று கேட்பவர்கள் நம்முடைய ஆசிரியர் அறைகளிலும் இருக்கிறார்கள்.

அவர்கள் சுபாஷ் முகோபாத்யாயைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுண் பிறந்தாள். அதே வருடம் ஒக்டோபர் 3இல் கொல்கத்தாவில் துர்கா பிறந்தாள். முகோபாத்யாய் ஹோர்மோன் கொடுத்து முட்டைகளை எடுத்தார், கருக்கட்டிய முளையத்தை உறைய வைத்தார், பிறகுதான் கருப்பையில் வைத்தார். இங்கிலாந்துக் குழு லூயிஸுக்காகப் பயன்படுத்தியது இயற்கையாக முதிர்ந்த ஒரே முட்டையை. ஆனால் மேற்கு வங்க அரசு நியமித்த குழு இவரை நம்பவில்லை. ஜப்பானில் இருந்து அழைப்பு வந்தும் போக விடவில்லை. கடைசியில் கண் வைத்தியப் பிரிவுக்கு இடமாற்றம்! 1981 ஜூன் 19இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தைக்கு அதுவரை பேர் வாங்கியிருந்த ஆனந்த் குமாரே அவருடைய குறிப்புகளை வாசித்துவிட்டு, 1997இல் "முதலாவது அவர்தான்" என்று ஏற்றுக்கொண்டார்.

முளையத்தை உறைய வைப்பது இன்று உலகம் முழுக்க நடக்கிற வழமையான சிகிச்சை. அவரை அன்று பேச விட்டிருந்தால் எத்தனை தம்பதிகளுக்கு எத்தனை வருடம் மிச்சமாகியிருக்கும்?

இங்கிலாந்திலும் இதே கதை வேறு மாதிரி. தாதியாகப் பயிற்சி பெற்ற ஜீன் பர்டிதான் லூயிஸாகப் போகிற முளையத்தை ஆய்வுகூடத்தில் பார்த்துக்கொண்டவர். எட்வர்ட்ஸ் எழுதிக் கேட்டும் வைத்தியசாலை நினைவுப் பலகையில் அவருடைய பெயரைப் போடவில்லை. 2015இல்தான் வேறொரு பலகையில் ஏறியது. அவரோ 1985இலேயே காலமாகிவிட்டார்.

ஆகவே அந்த ஒரு மணித்தியாலம் வீண் அல்ல. ஆனால் அது மட்டும் போதாது என்றும் சொல்வேன். கட்டணம், விசா, கைக்குழந்தையோடு வருகிற தாய்க்கு ஓர் இடம், சாப்பிடக்கூடிய சாப்பாடு, தொழ ஒரு மூலை: இவை இல்லாவிட்டால் அழைப்பிதழ் வெறும் கடதாசிதான்.

நம்மிடமும் கேட்கிறேன். இனப்பெருக்கப் பாடம் வந்தால் வெட்கப்பட்டு "நீங்களே வாசிச்சுக்கொள்ளுங்க" என்று தாண்டிப் போகிற ஆசிரியர்கள் எத்தனை பேர்? அந்தப் பாடத்தையே கேட்காத பெண் பிள்ளை எந்த மாநாட்டுக்குப் போவாள்? தாண்டிப் போகிறவர்கள் காரணத்தைக் கீழே எழுதுங்கள். சண்டை பிடிக்க மாட்டேன், வாசிக்கிறேன்.