கொடை வேறு, கடமை வேறு!

கூலி குறைந்த நாட்டில் தைப்பது. விலை மிகுந்த நாட்டில் விற்பது. இதுவே இற்றைப் பெருநிறுமங்களின் வணிக முறை. வேலை கடல் கடந்து செல்லும். வேலையோடு செல்லவேண்டிய பொறுப்போ செல்லாது. பழி முழுவதும் இடையில் நிற்கும் ஆலைக்காரன் தலையில் ஏறும். ஆண்டறிக்கையிலோ 'குமுகாயப் பொறுப்பு' எனும் சொல் அழகுற அச்சாகும்.

அம் மேற்பூச்சு உதிர்ந்த நாள் 2013 ஏப்பிரல் 24. வங்காள நாட்டுத் தலைநகர் தாக்காவை அடுத்த சவாரில் 'இரானா பிளாசா' என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து வீழ்ந்து, 1,100-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. முதல்நாளே சுவர்கள் வெடித்திருந்தன. கீழ்த்தளத்து வைப்பகம் தன் பணியாளரை அனுப்பிவிட்டது. மேல்தளங்களில் இருந்த ஐந்து தையலாலைகளோ, வராவிடின் கூலி இல்லையென அச்சுறுத்தி உழைப்பாளரை உள்ளே ஏற்றின. அந்நாளில் அவர்தம் குறைந்த அளவுத் திங்கட்கூலி நாற்பது அமெரிக்கத் தாலரும் இல்லை!

அவ்வாலைகளுள் இரண்டு, வாங்கும் நிறுமங்களின் நடத்தை நெறிப்படி முன்னரே ஆய்வு செய்யப்பெற்றவை. கட்டடம் உறுதியானதா என்பது அவ்வாய்வில் கேட்கப்பெறவில்லை. 2012-இல் கராச்சியில் 250-க்கும் மேற்பட்டோர் தீயில் மாண்ட ஆலையும், சில கிழமைகளுக்கு முன்புதான் நற்சான்று பெற்றிருந்தது. வினாவையும் தானே எழுதி, விடையையும் தானே திருத்திக்கொள்பவன் எந்தத் தேர்வில்தான் தோற்பான்?

இரானா பிளாசாவில் இழந்தோர்க்கு ஈடாக மூன்று கோடி தாலர் தேவைப்பட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் மேற்பார்வையில், விரும்பிய நிறுமங்கள் விரும்பியதைத் தரலாம் என ஏற்பாடாயிற்று. அத்தொகை நிரம்ப 2015 சூன் வரை ஆயிற்று. உயிருக்கு ஈடு, கோயில் உண்டியலைப்போல் வருவோர் போவோர் மனத்தைப் பார்த்துக் கிடந்தது!

மாறாக, 2013 மே திங்களில் தொழிற்சங்கங்களோடு செய்துகொள்ளப்பெற்ற உடன்பாடு, சட்டப்படிக் கட்டுப்படுத்துவது. இருநூறுக்கும் மேற்பட்ட நிறுமங்கள் அதில் ஒப்பமிட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளின் கட்டட உறுதியும் மின்னிணைப்பும் தீக்காப்பும் ஆராயப்பெற்றன. முடிவுகள் உலகறிய வெளியிடப்பெற்றன. கெஞ்சியபொழுது அசையாத கை, கட்டுப்பட்டபொழுது அசைந்தது.

இது தமிழர்க்கு அயலான செய்தியன்று. திருப்பூர்ப் பின்னலாடையும் மேலைநாட்டுக் கடைகளுக்கே செல்கின்றது. தமிழகத்து நூற்பாலைகள் பலவற்றில், இளம்பெண்களை மூன்றாண்டு விடுதிக்குள் வைத்து வேலை வாங்கி, திருமணத்துக்கென இறுதியில் ஒரு தொகை தருவதாகச் சொன்ன 'சுமங்கலித் திட்டம்', நெறிமுறை ஏடுகள் வண்ணவண்ணமாய் அச்சான காலத்தில்தான் நடந்தது. 2013-இன் இந்திய நிறுமச் சட்டம், பெருநிறுமங்கள் செலவுபோக மிஞ்சும் வருவாயில் நூற்றுக்கு இரண்டு பங்கைக் குமுகாயப் பணிக்குச் செலவிடப் பணித்தது. பள்ளி கட்டலாம், மரம் நடலாம். தம் உழைப்பாளர்க்கு மட்டுமே பயன்படும் செலவு அக்கணக்கில் சேராது. அது முறையே, கூலியும் காப்பும் கொடையல்லவே! ஆனால், அவ்விரண்டு பங்கைக் காட்டி எஞ்சிய தொண்ணூற்றெட்டும் ஈட்டப்பெற்ற வழியை மறைப்பது எவ்வாறு அறமாகும்?

வழங்கும் ஆலைகளில் நேரும் தீங்கைத் தடுப்பதைப் பெருநிறுமங்களின் சட்டக் கடமையாகப் பிரான்சு 2017-இல் ஆக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் அவ்வழியில் சட்டம் கண்டு, மறு ஆண்டே வணிகர் நெருக்கத்தால் அதன் நடைமுறையைத் தள்ளிப்போட்டது. தானே முன்வந்து ஏற்பதாகச் சொல்லும் பொறுப்பு, வேண்டாதபொழுது கழற்றி வைக்கும் மேலாடை. வேலை எந்நாட்டுக்குச் செல்கின்றதோ அந்நாட்டுக்குச் சட்டமும் உடன்செல்லல் வேண்டும். உழைப்பவன் கேட்பது ஈகையன்று. உயிரோடு வீடு திரும்பும் உரிமை!