மதிலுக்கு ஏழடி, கிணத்துக் கட்டுக்கு ஒண்டரை அடி

வலிகாமத்தில எந்தக் குச்சொழுங்கைக்குள்ளயும் இப்ப ஒருக்காப் போய்ப் பாருங்கோ. இரண்டு பக்கமும் மதில். ஆறடி, ஏழடி, சில இடங்களில் அதுக்கு மேலயும் தகரம். கேற்றுக்குக் கீழ இருக்கிற இடைவெளிக்குள்ளால நாய்க்குட்டிகூட நுழையேலாது. இவ்வளவு காவலையும் தாண்டி உள்ள போனால், குசினிக்குப் பின்னால, முழங்கால் உயரக் கட்டோட, வாயைத் திறந்தபடி ஒரு கிணறு இருக்கும். சில வளவுகளில் அந்தக் கட்டும் ஒரு பக்கம் இடிஞ்சு, ஒரு பழைய தகரத்தைச் சாத்தி வைச்சிருப்பினம்.

எங்கட கேள்வி சின்னது. இந்த மதில் ஆரை, எதிலயிருந்து காக்குது?

மறைப்பு என்பது முதல் பதில். அதை நாங்கள் நக்கலடிக்க வரவில்லை. கிணத்தடியில குளிக்கிற பெண்ணுக்கு அடுத்த வீட்டு மாடியைப் பற்றிப் பயமில்லாமல் தண்ணி அள்ளி ஊத்த முடியவேணும். அதுக்காகத்தான் கிடுகும் பனையோலையும் வைச்சு வருசா வருசம் வேலி அடைச்சவை. இரண்டாவது பதில் எல்லை. ஒரு கதியாலை அரை அடி தள்ளி நட்டதுக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கோட்டுப்படி ஏறின குடும்பங்கள் எல்லா ஊரிலயும் இருக்கு. அதுக்கும் காரணம் இல்லாமல் இல்லை. பத்து வருசம் தடையில்லாமல் ஆண்டால் காணிக்கு உரித்துக் கேட்கலாம் என்று சொல்லுற சட்டம் இங்க 1871ஆம் ஆண்டிலயிருந்து இருக்கு. அதனால கதியால் அசைஞ்சால் எங்கட ஆக்களுக்கு நெஞ்சு அசையும்.

ஆனால் பாருங்கோ, இரண்டு பதிலிலயும் வெளியில நிக்கிறவன்தான் எதிரி. உள்ளுக்குள்ள நடை பழகுற குழந்தை அந்தக் கணக்கில வரேல்லை.

பழைய வேலிக் காலத்தைக் கொண்டாடவும் நாங்கள் தயாரில்லை. எங்கட ஊர் வேலி சாதிக்கும் காவல் நிண்டது. ஆர் எந்தக் கிணத்தில அள்ளலாம், ஆர் படலைக்கு வெளியில குடத்தை வைச்சுக்கொண்டு காத்து நிக்கவேணும் என்பதையெல்லாம் அந்த வேலிதான் சொல்லிச்சு. கே. டானியல் ‘தண்ணீர்’ என்று ஒரு நாவல் எழுதவேண்டி வந்தது சும்மா இல்லை. வேலியில ஒரு பொட்டு இருந்ததும், அதுக்குள்ளால அயலட்டை வந்து போனதும் உண்மைதான். அந்தப் பொட்டு எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதும் உண்மை.

அந்தக் காலக் கிணத்துக்கு ஒரு காவல் இருந்தது. மனிசர். துலா மிதிக்கவும் கப்பியில இழுக்கவும் நாளுக்குப் பத்துத் தரம் ஆராவது கிணத்தடிக்குப் போனவை. இப்ப மோட்டார் இழுக்குது, தாங்கி நிறையுது, குழாயில தண்ணி வருது. கிணத்தடிக்கு ஒருத்தரும் போறதில்லை. மதில் உயர்ந்ததில அயலுக்கும் ஒண்டும் தெரியாது. தண்ணிக்குள்ள விழுற சின்னப்பிள்ளை படத்தில காட்டுற மாதிரிக் கத்திக் கூப்பிடாது. பெரும்பாலும் சத்தமே இல்லாமல் சில நிமிசத்தில முடிஞ்சுபோகும். ஆளும் இல்லாத, ஆருக்கும் தெரியாத இடத்தில கிணறு இருக்கு. ஆபத்தை நாங்களே மறைப்புக் கட்டி வளர்க்கிறம்.

மோட்டார் வந்த பிறகும் கிணத்து வாய் ஏன் திறந்து கிடக்குது என்பதுதான் எங்களுக்கு விளங்காத விசயம். அள்ளவேணும் என்ற காரணம் போயிட்டுது. கரண்ட் இல்லாத நாளைக்கு வாளி விடவேணும் என்றால், பூட்டுப் போடக்கூடிய ஒரு சின்னக் கதவை மூடியில வைக்கலாம். ‘வெயில் படாட்டிக் கிணத்துத் தண்ணி பழுதாப் போகும்’ என்று அம்மம்மா சொல்லுவா. சரி அம்மம்மா, கம்பி வலை போடுவம், வெயில் நல்லாப் படும், காத்தும் போகும், வேப்பஞ்சருகுகூடக் கொஞ்சம் குறையும்.

ஒரு பிள்ளை கிணத்தில விழுந்த செய்தி வந்தால் எங்கட சனம் கேட்கிற முதல் கேள்வி என்ன? ‘தாய் என்ன செய்துகொண்டிருந்தவள்?’ அவள் சமைச்சுக்கொண்டிருந்தாள். உடுப்புத் தோய்ச்சுக்கொண்டிருந்தாள். போனில கதைச்சுக்கொண்டுதான் இருந்தாள் என்று வையுங்கோ, அதுக்கென்ன? ஒரு மனிசியாலயும் 24 மணித்தியாலமும் ஒரு பிள்ளைக்குப் பின்னால கண் வைச்சுக்கொண்டு இருக்கேலாது. தகப்பன் எங்க என்று ஒருத்தரும் கேட்கமாட்டினம். கட்டு எத்தனை அடி என்று ஒருத்தரும் அளக்கமாட்டினம். கண்காணிப்பை மட்டும் நம்பி ஆழமான தண்ணியைத் திறந்து வைக்கிற சமூகம், அது பிழைச்ச உடன ஒரு பெண்ணில பழியைப் போட்டுட்டு மதிலுக்குப் பெயின்ற் அடிக்கப் போயிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021ஆம் ஆண்டு மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கினம். அதில கிட்டத்தட்டக் கால்வாசிப் பேர் ஐந்து வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள்.

எங்கட சொந்தங்கள் இருக்கிற நாடுகளில என்ன நடக்குது? அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1992ஆம் ஆண்டு நீச்சல் தடாகச் சட்டம் இருக்கு. வீட்டு நீச்சல் தடாகத்தைச் சுத்தி ஆகக் குறைஞ்சது 1.2 மீற்றர் உயர வேலி வேணும். கேற் தானாகச் சாத்துப்படவேணும், தானாகக் கொழுவுப்படவேணும், தடாகத்துக்கு எதிர்ப்பக்கமாகத்தான் திறக்கவேணும். பிள்ளை ஏறக்கூடிய பூச்சாடியோ கதிரையோ வேலிக்குக் கிட்ட இருக்கக்கூடாது. முக்கியமானது இது: பின்னால வந்த தடாகங்களுக்கு, வீட்டுக்கும் தடாகத்துக்கும் நடுவிலயும் வேலி இருக்கவேணும். காணியைச் சுத்தி இருக்கிற மதில் மட்டும் போதாது. ஏனெண்டால் தண்ணிக்குள்ள போற பிள்ளை களவெடுக்க மதில் பாய்ஞ்சு வாற பிள்ளை இல்லை. வீட்டுப் பின்கதவால இறங்கி வாற சொந்தப் பிள்ளை.

ரொறன்ரோவிலயும் தடாகத்துக்கு வேலி கட்டாயம். அங்க மாநகரசபைக்குப் பயந்து அங்குலக் கணக்கில வேலி போடுற எங்கட மாமாமார், ஊரில வீடு கட்டேக்க முன்மதிலுக்குச் சிங்கம் வைக்கினம், கிணத்துக் கட்டை மறந்து போகினம். சட்டம் இருந்தால்தான் பிள்ளையின்ர உயிர் நினைவுக்கு வருமோ? யாழ்ப்பாணத்து விடுதிகளிலயும் இப்ப நீச்சல் தடாகங்கள் வந்திட்டுது. கல்யாண வீட்டுக்குப் போனால் மண்டபத்துக்கும் தடாகத்துக்கும் நடுவில என்ன இருக்கு என்று ஒருக்காப் பாருங்கோ. அனேகமாக நாலு பூச்சாடி இருக்கும்.

ஆளில்லாக் காணிகளின்ர கதை இதைவிட மோசம். வலி வடக்கில 1990இல் இடம்பெயர்ந்த சனம் கட்டம் கட்டமாக விடுபட்ட காணிகளுக்குத் திரும்பேக்க, பத்தைக்குள்ள கட்டில்லாத கிணறுகள் காத்துக்கொண்டு இருந்தது. அது யுத்தம் செய்த வேலை. ஆனால் இண்டைக்கும் ஊருக்கு நடுவில பத்தை மண்டிக் கிடக்கிற வெளிநாட்டுச் சொந்தக்காரரின்ர வளவுகளுக்கு யுத்தத்தைச் சொல்லித் தப்பேலாது. பந்து பொறுக்கப் போற பெடியளுக்கு அந்தக் கிணறு தெரியாது. பங்குக் கிணறு என்றால் இன்னும் சிக்கல். உறுதியில ‘கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு’ என்று எழுதியிருக்கும். தண்ணிக்கு எல்லாரும் பங்காளிதான். இடிஞ்ச கட்டைக் கட்டக் கேட்டால் ‘அவை தரட்டும், நாங்களும் தாறம்’. ஐஞ்சு பங்காளியும் இதையேதான் சொல்லுவினம்.

டெங்குக்கு எங்களிட்ட ஒரு வழி இருக்கு. 2007ஆம் ஆண்டு நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவுக்குள்ள இறங்கிச் சிரட்டையையும் யோக்கட் கோப்பையையும் புரட்டிப் பாக்கிறார், தேவையெண்டால் வழக்குப் போடுறார். அப்ப தனியார் காணிக்குள்ள நுழையேலாது என்ற கதையை இனி ஒருத்தரும் சொல்லக்கூடாது. சிரட்டைத் தண்ணியை எட்டிப் பாக்கிற வளவுக்குள்ள கிணத்துக் கட்டையும் பாக்கலாம்தானே. மதில் கட்ட அனுமதி கேட்டு வாறவரிட்ட ‘கிணத்துக்கு மூடி போட்டாச்சோ?’ என்று ஒரு கேள்வியைப் பிரதேச சபை கேட்கலாம். ஆளில்லாக் காணிக்கு, வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரருக்கு, நோட்டீஸ் அனுப்பலாம். இதைக் கேட்டு உங்கட ஊர்ச் சபை உறுப்பினருக்கு எழுதுங்கோ. தேர்தல் வந்தால் மட்டும் வீட்டுக்கு வாற ஆள் அவர், இந்த முறை கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.

சபை அசையிற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலயிருந்து சொந்தங்கள் வருவினம். கிணத்தைப் படத்தில மட்டும் கண்ட மூண்டு வயசுப் பிள்ளையள், பெரிய வளவைக் கண்ட புளுகத்தில ஓடித்திரிவினம். அதுக்கு முதல் வீட்டில கதையைத் தொடங்குங்கோ, சண்டை வந்தால் வரட்டும். மதிலுக்கு இன்னும் இரண்டு வரி கல்லு வைக்க எடுத்து வைச்ச காசைக் கேளுங்கோ. கிணத்து வாயை நூல் பிடிச்சுக் குறுக்கால அளந்து, அந்த அளவோட சந்தியில இருக்கிற வெல்டிங் கடைக்குப் போங்கோ. பூட்டுக் கொழுவுறதுக்கு ஒரு கொண்டியும் வைச்சு ஒட்டச் சொல்லுங்கோ.