மோட்டாரை மாற்றும் முன்

கோவை வெயிலில் காரின் ஹீட்டரை யாரும் நினைப்பதில்லை. மார்கழியில் மேட்டுப்பாளையம் தாண்டி ஊட்டி மலையேறும்போது முன்கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து பாதை மறையும். ஹீட்டரின் காற்றைத் தள்ளும் ப்ளோயர் விசிறி ஓடவில்லை என்பது அப்போதுதான் தெரியவரும். கொண்டை ஊசி வளைவில் அது உயிருக்கே ஆபத்து. ஆனால் பழைய வண்டி என்றாலே, “மோட்டார் போச்சுங்க, மாத்திடலாம்” என்று முடித்துவிடுவதை நான் ஏற்கவில்லை. பழைய கார்கள் பலவற்றில் விசிறியின் வேகத்தைக் குறைப்பது ஒரு சிறிய ரெசிஸ்டர்தான். உச்ச வேகத்தில் மட்டும் விசிறி சுற்றினால், பெரும்பாலும் எரிந்திருப்பது அதுவே, மோட்டார் அல்ல. எந்த வேகத்திலும் சுற்றாவிட்டால் பியூஸ், ரிலே, சுவிட்ச், எர்த் வயர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். மோட்டாரின் கனெக்டரில் டெஸ்ட் லேம்ப் நன்றாக எரிந்தும், எர்த் சரியாக இருந்தும் விசிறி அசையாவிட்டால்தான் மோட்டாரைக் கழற்ற வேண்டும். லேசாகத் தட்டியதும் சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய பியூஸைப் போடாதீர்கள், வயர் தீப்பிடிக்கும். இறுகிய பேரிங்கும் விசிறியில் சிக்கிய சருகும்கூட மின்னோட்டத்தைக் கூட்டும். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கிய ஊர் கோவை. இங்குள்ள பட்டறைகளில் திறமைக்குக் குறைவில்லை. சோதிக்கும் நேரத்துக்கும் கூலி கொடுக்க நாம் தயாரானால், நல்ல மோட்டார்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகாது.