காணச் செல்வோர் கடமை

மலையும் கானும் அருவியும் கண்டு மகிழ விரும்பாத மாந்தர் அரியர். ஓய்வு நாளில் ஊரை விட்டு வெளியேறிப் புனலாடி, மரநிழலில் உண்டு, மனம் தெளிந்து மீளுதல் தமிழ் மக்களுக்குப் புதிய வழக்கமன்று. வையையில் புதுப்புனல் பெருகி வந்த பொழுது மதுரை மக்கள் திரண்டு சென்று நீராடிய சிறப்பைப் பரிபாடல் விரித்துரைக்கிறது. ஆடிப் பதினெட்டாம் நாளில் குடும்பத்தோடு ஆற்றங்கரையை அடைந்து கட்டுச்சோறு உண்ணுதல் இன்றும் காவிரிக் கரையிலும் கொள்ளிடக் கரையிலும் நிகழ்வதேயாம். இவ்வின்பம் வேண்டத்தக்கது. ஆயினும், இன்பம் தரும் இடத்திற்கு அதனை நுகர்வோர் செலுத்த வேண்டிய கடன் ஒன்று உண்டு. அக்கடன் யாது என்பதை அறியப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களே போதிய சான்றாகும்.

இவ்விரு மாவட்டங்களையும் வறண்ட நிலம் என்றே வெளியூரார் பலர் எண்ணுவர். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் புன்செய்களும், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும், சிமெண்டு ஆலைகளுமே அவர்தம் நினைவுக்கு வரும். ஆனால், பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை ஓங்கி நிற்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இம்மலை, திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், சேலம் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்துள்ளது. மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் இங்கு வழிவழியாக வாழ்ந்து வருகின்றனர். லாடபுரத்தை அடுத்த மயிலூற்று அருவியும், கோரையாற்று அருவியும் இம்மலையின் அணிகலன்கள். இவை ஆண்டு முழுவதும் பாய்வன அல்ல. மழை பெய்து மலை நனைந்த பின்னரே உயிர் பெறுவன. ஆதலின், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மக்கள் இவற்றை நாடி மிகுதியாக வருகின்றனர்.

அருவி எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். மலைமேல் பெய்யும் மழையை மரங்களின் இலைகள் முதலில் தாங்குகின்றன. பின்னர் அம்மழை சருகு மெத்தையில் சொட்டுச் சொட்டாக இறங்கி, வேர்களின் வழியே மண்ணுள் புகுகிறது. இவ்வாறு காடு சேமித்து வைத்த நீரே ஊற்றாகக் கசிந்து, ஓடையாகி, அருவியாக வீழ்கிறது. காடு அழியின் மழைநீர் ஒரே நாளில் வெள்ளமாக ஓடி மறையும்; மறுநாள் பாறையே எஞ்சும். மலையினின்று இறங்கும் நீர் அடிவாரத்து ஏரிகளையும் கிணறுகளையும் ஊட்டுகிறது. கல்லாற்றின் குறுக்கே விசுவக்குடியில் அணை கட்டப்பட்டிருப்பதும் இந்நீரைத் தேக்கிப் பாசனத்திற்குப் பயன்படுத்தவே. ஆகவே, காண வருவோருக்கு விளையாடும் இடமாகத் தோன்றும் அருவி, கீழே வாழும் உழவருக்கு வாழ்வின் தொடக்கமாகும்.

இத்தகைய இடத்திற்கு வருவோருள் சிலர் செய்யும் செயல்கள் வருந்தத்தக்கன. உண்ட மிச்சத்தையும் நெகிழிப் பைகளையும் ஓடையிலேயே எறிகின்றனர். கண்ணாடிப் புட்டிகளைப் பாறையில் மோதி உடைக்கின்றனர். அச்சில்லுகள் பின்னர் வெறுங்காலுடன் வரும் ஆயனின் காலையும் ஆட்டின் குளம்பையும் கிழிக்கின்றன. முன்னோரும் ஆற்றங்கரையில் உண்டனர். ஆனால் அவர்கள் விட்டுச் சென்றது வாழையிலையும் தையல் இலையுமே. அவை சில நாள்களில் மண்ணோடு மண்ணாயின. இன்று எறியப்படும் நெகிழியோ எறிந்தவன் காலம் கடந்தும் கிடக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி முதல் தடை செய்துள்ளது. சட்டம் சந்தையில் காவல் நிற்கலாம். ஆளில்லா மலைச்சரிவில் மனச்சான்றே காவல் நிற்க வேண்டும்.

இக்கேடுகளைக் கண்டோர் சிலர், மலைக்கு எவரையும் விடாது தடுத்தலே நலம் என்பர். வேறு சிலர், அகன்ற சாலையும் கடைகளும் விடுதிகளும் அமைத்து மேலும் பலரை வரவழைத்தல் வேண்டும் என்பர். இரண்டும் முழுமையான வழிகள் அல்ல. காட்டைக் காணாது வளரும் பிள்ளை, அக்காடு அழியும் நாளில் அதற்காக வருந்தாது. கண்டு களித்த பொருளிடத்தேதான் அன்பு பிறக்கும். அன்பு பிறந்த இடத்தேதான் காவல் நிலைக்கும். அதே பொழுதில், தாங்கும் அளவுக்கு மேல் மக்கள் குவிந்தால் எம்மலையும் சீர்கெடும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளைக் கணக்கிடுவதற்காக, சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் மின்னணு அனுமதிச் சீட்டு முறை கொண்டு வரப்பட்டது. பெரிய மலைகளுக்கு நேர்ந்த நெருக்கடி சிறிய பச்சைமலைக்கு நேரும் முன்னரே விழிப்படைதல் அறிவுடைமையாகும்.

எறியாதிருத்தல் கடமையின் ஒரு பாதி. எடுக்காதிருத்தல் மறு பாதி. மலையை விட்டுத் தென்கிழக்கே சென்றால் காரை என்னும் ஊரை அடையலாம். இங்குள்ள செம்மண் மேடுகள் பல கோடி ஆண்டுகட்கு முன் கடலின் அடித்தளமாக இருந்தவை. நத்தை போல் சுருண்ட அம்மோனைட்டு முதலிய கடலுயிர்களின் படிவங்கள் இம்மண்ணில் கிடைக்கின்றன. அண்மையிலுள்ள சாத்தனூரில், ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகட்கு முற்பட்டதாகக் கணிக்கப்படும் கல்மரம், 18 மீட்டர் நீளத்திற்குக் கிடக்கிறது. 1940-இல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் இதனைக் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார். இன்று அது வேலியிட்டுக் காக்கப்படுகிறது; காரையின் பரந்த மேடுகளுக்கோ அத்தகைய வேலி அரிது. வருவோர் ஆளுக்கு ஒரு படிவத்தை நினைவுப் பொருளாக எடுத்துச் சென்றால் என்ன எஞ்சும்? ஒரு படிவத்தின் பெருமை அது கிடந்த மண்ணடுக்கோடு சேர்ந்தே விளங்கும். இடம் பெயர்ந்தால் அது வீட்டு அலமாரியில் பொருளறியாக் கல்லாகிவிடும். அவற்றை நன்கு காண விழைவோர்க்கு அரியலூரை அடுத்த வாரணவாசியில் அருங்காட்சியகம் உண்டு.

காண்பதற்கு வேண்டிய பண்பு பொறுமையும் அடக்கமுமே. வழுக்கும் பாறைமேல் ஏறித் துணிவு காட்டுவதும், மேல்மலையில் மழை இருண்டிருக்கக் கண்டும் ஓடையில் நிற்பதும் வீரமல்ல. மலையில் பெய்த மழை கீழே வெயில் காயும் பொழுதே வெள்ளமாக வந்து சேரும். ஆரவாரம் செய்வோர்க்குப் பறவை தோன்றாது. அமைதியாக அமர்ந்திருப்போர்க்கே கானம் தன் செல்வத்தைக் காட்டும்.

விருந்தினராகச் சென்ற வீட்டில் எவரும் குப்பை கொட்டுவதில்லை. அவ்வீட்டுப் பொருளை மடியில் மறைத்துக் கொண்டு வருவதுமில்லை. மலையும் அருவியும் அத்தகைய வீடே. அங்குச் செல்லும் மாணவர் குழு ஒவ்வொன்றும், தான் கொண்டு சென்ற பொருள்கள் யாவும் திரும்பினவா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்து இறங்குமானால், அடுத்த ஆண்டு மழைக்குப் பின் வருவோர்க்கும் அருவி தூயதாகவே வீழும்.