கைக்குழந்தையின் மூச்சைக் காப்போம்: பாலவாக்கம் வாசிகளுக்கு ஒரு வேண்டுகோள்



ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டதும், கடற்கரையோரத்துக் குப்பம் முதல் கிழக்குக் கடற்கரைச் சாலையின் அடுக்குமாடி வீடுகள் வரை தும்மலும் இருமலும் கேட்கத் தொடங்க, "சளிதானே, சில நாளில் போய்விடும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது நம் வழக்கம். பெரியவர்கள் விஷயத்தில் அது பெரும்பாலும் மெய்யே. ஆனால் அதே ஜலதோஷம் தொட்டிலில் கிடக்கும் சிசுவைப் பற்றும்போது பிராணாபத்தாகவும் முடியக்கூடும் என்பதை எடுத்துரைக்கவே, இவ்வூரில் குடியிருக்கும் நாங்கள் சிலர் கூடி இந்த விண்ணப்பத்தை உங்கள் முன் வைக்கிறோம்.

2025 ஜனவரியில் சென்னையில் ஒருவருக்கும் சேலத்தில் ஒருவருக்கும் ஹெச்.எம்.பி.வி. தொற்று என்ற செய்தி வந்தபோது நாம் எவ்வளவு பீதியடைந்தோம்! அதுவோ 2001-லேயே நெதர்லாந்தில் இனங்காணப்பட்ட கிருமி. அதைக் காட்டிலும் மிகுதியாகச் சிசுக்களை வருத்துவது ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ். 1956-இல் சளி பிடித்த சிம்பன்ஸிகளிடம் கண்டறியப்பட்டு, அடுத்த ஆண்டே குழந்தைகளிடமும் காணப்பட்ட அது, இரண்டு வயது நிறைவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையேனும் தொட்டுவிடுகிறது. பெரும்பாலோர் தாமே தேறிவிடுகிறார்கள். பிறந்து சில மாதங்களேயான சிசுக்களுக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும், இருதயக் கோளாறு உள்ளவர்களுக்குமே அபாயம் அதிகம். சிசுவின் சுவாசக் குழல்கள் அத்தனை நுண்ணியவை. குழலின் அகலம் பாதியாகக் குறைந்தால் காற்றுக்கு ஏற்படும் தடையோ பதினாறு மடங்காகிறது. நமக்கு மூக்கடைப்போடு நின்றுவிடும் வீக்கம் சிசுவுக்கு மூச்சுத் திணறலாவது இதனால்தான்.

ஆகவே, உடம்பு சரியில்லாதவர்கள் குழந்தை பார்க்கப் போவதைச் சில நாள் ஒத்திப்போடுங்கள். பெயர் சூட்டும் வைபவமேயானாலும் கன்னத்தில் முத்தமிடாமல், கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின்னரே குழந்தையை வாங்குங்கள். தலைக்கு ஊற்றிய பின் மூக்கில் ஊதுவதும், எண்ணெய் விடுவதும், மூடிய அறையில் சாம்பிராணிப் புகை போடுவதும் பாட்டிமார்களின் அன்பிலிருந்து பிறந்த பழக்கங்களே என்றாலும், அவை அந்தச் சின்ன மார்பைத் துன்புறுத்துவன. அன்பு கூர்ந்து அவற்றை நிறுத்திவிடுங்கள்.

குழந்தைக்குச் சளி கண்டால், அது அழாமல் இருக்கும் சமயத்தில் சட்டையை மேலே தூக்கி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு அறுபது, ஒரு வயது வரை ஐம்பது, ஐந்து வயது வரை நாற்பது என்ற எண்ணிக்கையை எட்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, விடியட்டும் என்று காத்திராதீர்கள். 108-ஐ அழையுங்கள், எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இரவிலும் நமக்காகத் திறந்திருக்கிறது.

கடையில் கேட்டு இருமல் மருந்து வாங்கி ஊற்றும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டுகிறோம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் பல பிஞ்சு உயிர்களைக் கொண்டுபோன நச்சு கலந்த சிரப், நம் பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்பதை மறக்கலாகாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகள் கூடாதென்று மத்திய சுகாதாரத் துறையே அப்போது அறிவுறுத்தியது. வைரஸை ஆன்டிபயாடிக் கொல்வதுமில்லை. தாய்ப்பாலை நிறுத்தாமல் சிறுகச் சிறுகப் பலமுறை கொடுப்பதும், வைத்தியர் சொன்னபடி மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடுவதுமே பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதுமான சிகிச்சை.

தனக்கு மூச்சு முட்டுகிறது என்று வாய் திறந்து சொல்ல இயலாத ஜீவனுக்காக, அதன் மார்பை ஒரு நிமிஷம் உற்றுப் பார்க்கும் பொறுமையை ஒவ்வொரு வீட்டிலும் யாசிக்கிறோம். இதைப் படித்தவர்கள், கைக்குழந்தை உள்ள அடுத்த வீட்டுக்கும் இன்றே சொல்லி உதவுங்கள்.

இங்ஙனம்,
பாலவாக்கத்துக் குடியிருப்போர் சிலர்